ஊஞ்சக்காட்டூர்க் கடவு

குமாரபாளையம்
9-9-1983

மாப்பிள்ளை சென்னிமலைக்கு,

உங்கள் அக்கா வசந்தாமணி அமாவாசையன்று கொல்லிமலையில் வழி தவறி, ராத்திரி மலையிலேயே தங்கி, மறுநாள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். காலில் இரண்டு முள், முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சில்லாததால் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாசி மாதம் ஈரோட்டு டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொல்லி, நடந்தால் பிழைப்பாய் என்றார். தறிச் சத்தத்துக்கு நடுவில் சந்துக்குள் நடந்தால் நாய் துரத்துகிறது. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்றைக்குப் பஸ் ஏறிப் போய் ஏதாவது ஒரு மலையில் நடந்துவிட்டு வருவது என்று ஆரம்பித்தேன். தறிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள், பிறகு பெண்களும் வந்தார்கள். சங்ககிரிக் கோட்டை, நைனாமலை, கஞ்சமலை எல்லாம் முடித்தோம். ஆனி மாதத்திலிருந்து உங்கள் பக்கம். எருமப்பட்டியில் பஸ் மாறி ஊஞ்சக்காட்டூரில் இறங்கினால், உங்கள் தோட்டத்து வேலியில் ஆள் நுழைகிற கடவு வழியாகத்தான் மலைத்தடம் ஏறுகிறது. அது உங்களுக்கே தெரியும்.

தடம் பிரிகிற இடத்தில் எல்லாம் சாயப்பட்டறையில் கழித்த சிவப்பு நூலைச் செடியில் கட்டிக்கொண்டே ஏறுவோம். இறங்கும்போது நூலைப் பார்த்து இறங்குவோம். இந்த அமாவாசைக்கும் காலையில் கட்டினோம். திரும்பும்போது உங்கள் அக்காவுக்குச் செருப்பு வார் அறுந்தது. தறிக்கு நூல் தார் சுற்றுகிற ராசம்மாளும் அவளும் பின்தங்கினார்கள். “நீங்க முன்னால போங்க, நூலு இருக்குதல்லங்க” என்றாள். நூல் இல்லை. நாங்கள் தடம் தெரிந்த ஆளோடு இறங்கிவிட்டோம். அவர்கள் இருவரும் பிரிவில் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள்.

நானும் ஆட்களும் டார்ச் விளக்கோடு திரும்ப ஏறிக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. மறுநாளும் தேடினோம். போலீசில் சொல்லலாம், அதற்கு முன்னால் ஊரில் மகளிடம் ஒரு வார்த்தை என்று செத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால், உங்கள் அக்கா எதிர்வீட்டு சௌந்திரத்தோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏனுங்க, எங்கீங்க போயிருந்தீங்க? ஊட்டுச் சாவி உங்ககிட்டத்தான இருக்குது?”

மலைமேல் யாரோ வீட்டில் படுத்திருந்து, காலையில் மேலேயே நடந்து செம்மேட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறிச் சேந்தமங்கலம், நாமக்கல் என்று வந்து சேர்ந்திருக்கிறாள். எனக்குத் திட்ட வாய் வந்தது, சத்தம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு நூலால் உங்கள் கடவுப் படலை இறுக்கிக் கட்டியிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்தேன். அறுத்தது யார் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கிறேன்.

செங்கோட்டையன்

•

ஊஞ்சக்காட்டூர்
14-9-1983

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா பத்திரமாக இருப்பது எனக்கு வியாழக்கிழமை சாயங்காலமே தெரியும். நீங்கள் சொல்லித் தெரியவில்லை.

அன்று மத்தியானம் பஸ் நிறுத்தத்து டீக்கடை ரங்கன் தோட்டத்துக்கு ஓடி வந்தான். “ஏனுங்க, உங்கக்காள மலையில காணமாமா, நீங்க இங்க தண்ணி கட்டீட்டு நிக்கறீங்க?” என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. மச்சான், நான் இந்த அடிவாரத்தில் பிறந்தவன். ஆடு தேடி அந்த மலையில் ஏறாத பாறையில்லை. என் வீட்டு வாசல் வழியாகத்தானே டார்ச் அடித்துக்கொண்டு போனீர்கள்? ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் வரமாட்டேனா? நீங்கள் கூப்பிடவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறினேன். சாயங்காலந்தான் விசாரித்ததில், அக்கா மேலே செல்லியம்மாள் என்கிற மலைக்காரப் பெண்ணின் வீட்டில்தான் தங்கினாள், காலையிலேயே போய்விட்டாள் என்று தெரிந்தது.

நூலை அறுத்தது நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. மலையோர மேட்டு நிலங்களை அளந்து வனத்துறை எல்லைக்குள் சேர்க்கப் போகிறார்கள் என்று எருமப்பட்டிச் சந்தையில் சித்திரை மாதத்திலிருந்து பேச்சு. ஆனி அமாவாசை கழித்துப் பார்த்தால் என் வேலியிலிருந்து மலைவரைக்கும் வரிசையாகச் சிவப்பு நூல். ஆடியில் மறுபடியும். இந்தத் தடவை காலையில் பாறை மேல் ஆட்கள் நின்று என் நிலத்தைக் கை நீட்டிக் காட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். அளவுக்காரர்கள்தான் என்று முடிவு பண்ணினேன். அவர்கள் மேலே போன பிறகு ஏறிப்போய் இரண்டாவது பிரிவு வரைக்கும் அறுத்து, அந்த நூலாலேயே கடவுப் படலை இறுக்கினேன். நீங்கள் கட்டியது என்று அதில் எழுதியா இருந்தது?

மூன்று தடவை என் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் கடவு வழியாக நுழைந்து, என் வீட்டைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கவில்லை. அக்கா பிறந்த வீடு அது. முன்பின் தெரியாதவன்கூடத் தடத்தில் போனால் “நல்லாருக்கீங்களா” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

நாளைக்கு யாராவது விழுந்து செத்தால் அதுவும் என் தலையில் விடியும். அதனால் கடவை இலந்தை முள் வைத்து அடைத்துவிட்டேன். இனி நடப்பவர்கள் வேறு மலை பார்த்துக்கொள்ளட்டும்.

சென்னிமலை

அக்காவுக்கு முள் எடுத்தாயிற்றா? உள்ளே ஒடிந்திருந்தால் எருக்கம்பால் வைக்கச் சொல்லுங்கள். ஊசியால் குத்த வேண்டாம்.

•

குமாரபாளையம்
17-9-1983

மாப்பிள்ளைக்கு,

முள் வந்துவிட்டது. எருக்கம்பால்தான்.

கோபமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஆள் கிடைத்துவிட்டாள். ஆள் கிடைத்த பிறகு எனக்கு எந்தக் கோபமும் இரண்டு நாளைக்கு மேல் நிற்பதில்லை. இந்த ஒரு வாரமாக அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மகள் கல்யாணத்துச் சண்டையை முதலில் பேசி முடித்துவிடுவோம். நீங்கள் வந்த பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. மாமன் சீருக்கு நேரமாகிவிட்டது. “இனி நிக்க முடியாதுங்க, நேரம் போகுது” என்று சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சொன்னார். உங்கள் பங்காளி வீட்டுத் தங்கமுத்துவை உங்கள் இடத்தில் நிற்க வைத்துச் சீரை முடித்தோம். நீங்கள் தட்டத்தோடு வந்து, பார்த்து, தட்டத்தை வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினீர்கள். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் நான் முகூர்த்தத்தை நிறுத்த மாட்டேன், பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் சாப்பிடாமல் போனது உங்கள் தப்பு, அடுத்த வாரமே ஊஞ்சக்காட்டூருக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்க்காதது என் தப்பு. கழித்துப் பார்த்தால் யாருக்கும் யாரும் பாக்கியில்லை.

அன்று ராத்திரி உங்கள் கதவை ஏன் தட்டவில்லை என்று கேட்டீர்கள். வாசல் வரைக்கும் வந்தேன். “உன் அக்காவைத் தொலைத்துவிட்டேன்” என்று சொல்வதற்கு வேறு எந்த வீடாக இருந்தாலும் தட்டியிருப்பேன். தலையில் துண்டுக்கட்டு சுமந்து சந்தை சந்தையாகத் திரிந்த காலத்தில் எத்தனையோ கதவைத் தட்டி ‘வேண்டாம் போ’ என்று கேட்டிருக்கிறேன். அது உறைத்ததில்லை. இது உறைக்கும் என்று பட்டது. அவ்வளவுதான்.

அடுத்தது முக்கியமானது. உங்கள் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாறை மேல் ஆட்கள் நின்று நிலத்தைக் கைகாட்டினார்கள் என்ற இடத்தில், “அது நானுங்க” என்றாள்.

“நீயா?”

“ராசம்மாகிட்டச் சொல்லீட்டிருந்தேன். அதா தெரியுது பாரு, அதுதான் எங்க கெணத்து மேடு, அந்த வேப்ப மரத்துக்குப் பக்கத்துல தெரியறது ஊடுன்னு.”

ஆனியிலிருந்து மூன்று மாதமாக, கஞ்சமலைக்குப் போகலாம் என்றால் தலைவலி, நைனாமலை என்றால் படி ஏற முடியவில்லை, ஊஞ்சக்காட்டூர் என்றால் விடியும்முன் புளிச்சோறு கட்டிவிடுவாள். ஏன் என்று நான் யோசிக்கவேயில்லை. யாவாரத்தில் எதிராளி ஒரு சரக்கையே திரும்பத் திரும்பக் கேட்டால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிறவன் நான், வீட்டில் கோட்டை விட்டேன்.

“பாறை மேல நின்னா மோட்டாரு ஓடுதா இல்லையான்னு தெரியுமுங்க. போன மாசம் ஓடல. தம்பிக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.”

நான் சர்க்கரைக்கு நடந்தேன், மாப்பிள்ளை. அவள் எதற்கு நடந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் அடைத்து வைத்திருப்பது அந்தப் பாறைக்குப் போகிற வழியை. அவள் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். கடவைத் திறந்துவிடுங்கள்.

செங்கோட்டையன்

•

ஊஞ்சக்காட்டூர்
24-9-1983

மச்சானுக்கு,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது சரியாக வராமல் கிழித்தேன். என் வீட்டுக்காரி ஆத்தாயி, “என்னத்த இப்படிக் கிழிக்கறீங்க, அடுப்புக்குக் குடுத்தாலும் பத்த வெச்சுக்குவேன்” என்கிறாள்.

போன மாதம் மோட்டார் ஓடாததற்குக் காரணம் உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி எரிந்துபோனது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பாறையில் நின்ற ஆட்களில் பச்சைச் சேலை ஒன்று தெரிந்தது. தூரம். கண்ணுக்கு மேல் கையை வைத்து நானும் பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து அக்கா என்னைப் பார்த்திருக்கிறாள், இந்தப் பக்கமிருந்து நான் நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது? ஆத்தாயியிடம் சொன்னேன். அவள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் மனசை ஒளிக்காமல் எழுதியதால் எழுதுகிறேன்.

மலையில் அந்தச் செல்லியம்மாளிடம், “எறங்கறதுக்குக் கிட்ட வழி எங்க தோட்டத்து வழிதான, அதக் காட்டி உட்டிருந்தா பொழுதோட கீழ வந்திருப்பாங்கல்ல” என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னாள்: “காட்டத்தான் காட்டினேன் சாமி. விடிஞ்சதும் எங்க ஊட்டு முன்னால நிறுத்தி, இதுல நேரா போனா கீழ கெணத்துமேடுன்னு சொன்னேன். எனக்கே தெரியுமம்மா, அது எங்க தம்பி தோட்டம்னு சொன்னாங்க. அப்பறம் என்ன, எறங்குங்கன்னேன். அதுல போகக் கூடாதுன்னாங்க. கால்ல முள்ளோட செம்மேட்டுக்கு நடந்தாங்க. கூட வந்த பொம்பள அழுதுக்கிட்டே போச்சு.”

சாயங்காலம்தான் அக்கா வழி தவறினாள். காலையில் தவறவில்லை. வழி கண்ணுக்கு முன்னால் இருந்தது. வழியில் நான் இருந்தேன்.

நூலை அறுத்ததற்கு யாராவது என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை.

கடவு இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. முள்ளை எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. நான் எடுத்து, அக்கா வராமல் போய்விட்டால்? அடைத்து வைத்திருந்தால் வராததற்கு ஒரு காரணமாவது இருக்கும். அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.

சென்னிமலை

•

குமாரபாளையம்
28-9-1983

மாப்பிள்ளைக்கு,

படித்துக் காட்டினேன். சோறு பொங்கி அடுப்பை அணைத்தது, அவள் திரும்பவில்லை. செல்லியம்மாள் சொன்னதைப் படிக்கும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், “செருப்பில்லாம முள்ளுக்காலோட அத்தன தூரம் நடந்தியே, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. இருக்கற சண்ட போதாதாக்கும்.”

அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள். “விடியால தம்பி ஊட்டு வாசல்ல தலையும் கலைஞ்சு சீலையும் கிழிஞ்சு போயி நின்னா, அவன் என்ன ஏதுன்னு பதறீருவான். அப்பறம் பாவம் பாத்துத்தான் உள்ள கூப்புட்டான்னு ஆயிரும். எனக்கு அப்படி வேண்டாமுங்க.”

என்ன பதில் எழுதட்டும் என்றேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்: “கடுதாசி எழுதற நேரத்துக்கு அந்த முள்ளை எடுத்துப் போடச் சொல்லுங்க.”

எடுத்துப் போடுங்கள், மாப்பிள்ளை. வருவாள்.

இனி என் பங்குக்கு. அவள் செம்மேட்டுக்கு நடந்ததில் அவளுக்கே தெரியாமல் எங்களுக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கிறாள். வேன் பிடித்துப் போனால் விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் கட்டாயமில்லை. ஊஞ்சக்காட்டூரில் ஏறி, மேலேயே நடந்து, செம்மேட்டில் பஸ் பிடித்து அந்தப் பக்கம் இறங்கலாம். இறக்கத்தில் முழங்கால் வலி கிடையாது, வந்த வழியே திரும்பும் சலிப்பும் கிடையாது. எங்கள் ஆட்களிடம் சொன்னேன், இப்போதே எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கடவு எங்களுக்கு ஒரு நாள் கூத்து அல்ல, நிரந்தரமாக வேண்டும்.

நிரந்தரமாக வேண்டும் என்றால் சும்மா வேண்டாம். சும்மா கொடுத்த வழியை நாளைக்கு ஒரு வாய்ச்சண்டையில் சும்மா அடைத்துவிடலாம். விலை பேசி வாங்கிய வழியை அடைக்க மனசு கூசும். இது முப்பது வருஷ யாவாரத்தில் கண்டது. பணம் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். பவானிக் கரையில் எனக்குத் தெரிந்த தறி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஜமுக்காளம், ஆறு முழம். உங்கள் பதில் என்ன?

செங்கோட்டையன்

•

ஊஞ்சக்காட்டூர்
2-10-1983

மச்சானுக்கு,

கார்டில் சுருக்கமாக எழுதுகிறேன், தபால்காரர் நிற்கிறார்.

முள்ளை எடுத்தாயிற்று. ரங்கன் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, அடைக்கறதும் நீங்க, தொறக்கறதும் நீங்க, நடுவுல கைய மட்டும் கிழிச்சுக்கிட்டீங்க” என்கிறான்.

அக்கா பிறந்த வீட்டு வழிக்கு விலை பேசும் புத்தி உங்களுக்குத்தான் வரும். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதப் போனேன். ஆத்தாயி ஒப்பவில்லை. மச்சான் சொல்வது நியாயம், ஆனால் ஆறு முழம் நாலு பேர் உட்காரக் காணாது, எட்டு முழமாகக் கேளுங்கள் என்கிறாள்.

கடலை இன்னும் பிடுங்கவில்லை. கடலைக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அக்கா அமாவாசைக்கு முந்தின நாளே வரட்டும். எந்தப் பஸ் என்று எழுதுங்கள், நிறுத்தத்தில் நிற்கிறேன்.

சென்னிமலை

•

குமாரபாளையம்
10-10-1983

மாப்பிள்ளைக்கு,

அமாவாசையன்று நாங்கள் எல்லோரும் செம்மேட்டில் பஸ் பிடித்து இருட்டுமுன் ஊர் வந்து சேர்ந்தோம். நடு வழியில் மழை பிடித்துக்கொண்டது, ராசம்மாள் வழுக்கி விழுந்து சிரித்ததில் எங்களுக்கு நேரம் போனது. செல்லியம்மாள் வீட்டில் எல்லோருக்கும் பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் சர்க்கரை குறைந்திருக்கிறது என்கிறார். ஆத்தாயி அன்று காலையில் ஊற்றிய கம்மங்கூழில் குறைந்ததா, மலையில் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் அக்காவை உங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கடவில் நுழைந்து ஏறினேனே, பாறையில் நின்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் மூன்று பேரும் கிணற்று மேட்டில் நின்று என்னைக் கைகாட்டி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் நாலு நாளாகியும் வரவில்லை. இங்கே நான் பொங்கிய சோற்றை சௌந்திரத்தின் வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. இருந்தாலும் ஒரு குறையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆவணியில் மலையில் கத்தின தொண்டை இப்போதுதான் முழுசாகத் திறந்திருக்கிறது.

வாயால் பேசியது காற்றோடு போகும் என்பதால், அன்று உங்கள் களத்தில் நாம் பேசி முடித்ததை எழுதி வைக்கிறேன். எழுத்தில் வேறுபாடு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

அமாவாசைக்கு அமாவாசை முதல் பஸ் வந்ததிலிருந்து கடவு திறந்திருக்கும். மற்ற நாளில் நடக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். கடலை பிடுங்கும் வரைக்கும் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். எவனாவது செடியைப் பிடுங்கித் தின்றால் நின்று ஒரு உழவுச்சால் களை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். ரேடியோப் பெட்டி கூடாது, மாடு மிரளும். வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுவது. உங்கள் அக்கா அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலப் பஸ்ஸில் வந்துவிடுவாள். எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்பது அவள் இஷ்டம், அதில் நீங்களும் நானும் தலையிடுவதில்லை. நமக்குப் பிறகும் பிள்ளைகளுக்குள் இது இப்படியே நடக்க வேண்டும்.

விலை, வருஷத்துக்கு ஒரு பவானி ஜமுக்காளம். ஆறு முழம் என்றேன், ஆத்தாயி எட்டு என்றாள், ஏழில் நிற்கலாம் என்று பார்த்தேன். உங்கள் அக்கா அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். எட்டு முழம்.

செங்கோட்டையன்